நனைந்த செவ்வாய் மனிதன்: வெள்ளத்தில் சிக்கிய அறிவியல் புனைகதை இதழ்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2021 செப்டம்பர் 1ஆம் தேதி இரவு, ஐடா புயலின் மிச்சம் நியூயார்க், நியூஜெர்சி பகுதிகளின் மேல் கொட்டித் தீர்த்தது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குலம் மழை. வடிகால்கள் தாங்கவில்லை. நியூஜெர்சியில் எத்தனையோ வீடுகளின் பேஸ்மென்ட்டுக்குள் தண்ணீர் இறங்கியது. அப்படி நனைந்த ஒரு வீட்டைப் பற்றியது இந்தக் குறிப்பு.

அந்த வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெண்மணி ஒருவர் இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் காலமான அவருடைய கணவர், சிறுவனாக இருந்தபோதே வாங்கத் தொடங்கிச் சேர்த்த அறிவியல் புனைகதை இதழ்கள் பேஸ்மென்ட்டில் இருந்தன. சுமார் 300 இதழ்கள், 1926 முதல் 1950களின் நடுப்பகுதி வரை வந்தவை. நான் அப்போது ஒரு நூலகத்தில் பழைய நூல்களையும் தாள்களையும் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்மணியின் மகன் நண்பர் ஒருவர் மூலம் எனக்குப் பழக்கம். அலுவலக வேலையாக இல்லாமல் சொந்த முறையில்தான் போனேன். முப்பது ஆண்டு அனுபவமுள்ள மூத்த சக ஊழியர் ஒருவரும் உடன் வந்தார்.

என்ன மாதிரி இதழ்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’தான் ஆங்கிலத்தில் முழுக்க முழுக்க அறிவியல் புனைகதைக்கென்றே வந்த முதல் இதழ். அதன் முதல் அட்டையிலேயே பனிப்பரப்பில் மனிதர்கள் சறுக்கி விளையாட, பின்னால் வானத்தை அடைத்துக்கொண்டு வளையத்தோடு சனிக் கோள் நிற்கும். வரைந்தவர் ஃபிராங்க் ஆர். பால். 1884இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்து, கட்டடக்கலை படித்து, அமெரிக்காவுக்கு வந்தவர். கடைசிக் காலத்தில் நியூஜெர்சியின் டீனெக் ஊரில் வாழ்ந்து 1963இல் இறந்தார். வேற்றுக் கிரகம் எப்படி இருக்கும், அங்கே நடமாடும் உயிர் எப்படி இருக்கும் என்று 1920களிலும் 30களிலும் பல்லாயிரம் சிறுவர்களுக்கு முதன்முதலில் காட்டியது இவருடைய கைதான். அவர் வரைந்த மனிதர்கள் மரப்பொம்மை மாதிரி விறைப்பாக நிற்பார்கள் என்பது உண்மை. ஆனால் இயந்திரம், நகரம், வேற்றுலக உயிர் என்று வந்துவிட்டால் அவர் தூரிகைக்குத் தனி உயிர் வந்துவிடும்.

தொகுப்பில் பால் மட்டுமில்லை. 1930 ஜனவரியில் தொடங்கிய ‘அஸ்டவுண்டிங்’ இதழின் அட்டைகளில் ஓவியர் வெஸ்ஸோ இருந்தார். பிறகு அதே இதழில் ஹோவர்ட் வி. பிரவுன். 1939 கடைசியில் தொடங்கி 1955 வரை வந்த ‘பிளானட் ஸ்டோரீஸ்’ ஒரு வரிசை முழுக்க இருந்தது. உள்பக்கங்களில் மயிரிழைக் கோடும் பொடிப் புள்ளியுமாக வர்ஜில் ஃபின்லே வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பல இதழ்களில் இருந்தன.

இதழின் உடம்பு

இந்த நிகழ்வில் நடந்தது எல்லாம் ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். ‘பல்ப்’ இதழ் என்று இவற்றை அழைக்கக் காரணம் உள்தாள். மரத்தை அரைத்த கூழில் செய்த மலிவான தாள், நம் ஊரில் சாணித்தாள் என்போமே, அந்த ரகம். மர நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் அப்படியே தங்கிவிடுவதால் ஆண்டாக ஆகப் பழுப்பேறி, அமிலம் கூடி, விளிம்புகள் பொரிப்பொரியாக உதிரும். அட்டை அப்படியில்லை. வண்ணப் படம் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக அது வழவழப்பான ஆர்ட் பேப்பர். தாளின் மேல் வெள்ளைக் களிமண்ணைப் பசையோடு கலந்து பூசியிருப்பார்கள். நாம் பார்க்கும் படம் தாளின் மேல் இல்லை, அந்தப் பூச்சின் மேல் இருக்கிறது.

தண்ணீர் பட்டால் இரண்டும் நேர் எதிராக நடந்துகொள்கின்றன. சாணித்தாள் தண்ணீரை உறிஞ்சி உப்பும். காற்றில் காய வைத்தால் நெளிந்து போனாலும் தனித்தனியாகப் பிரியும். ஆர்ட் பேப்பரில் உள்ள பசை தண்ணீரில் இளகுகிறது. ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் ஆவதில்லை. இரண்டு ஆர்ட் பேப்பர் ஒன்றையொன்று தொட்டபடி காய்ந்தால்தான் ஆபத்து. இளகிய பசை அந்த நிலையிலேயே இறுகி இரண்டும் ஒரே பாளமாகிவிடும். அதற்கப்புறம் பிரிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

அதாவது, நனைந்தது படத்தைக் கெடுப்பதில்லை. தவறாக உலர்வதுதான் கெடுக்கிறது.

செப்டம்பர் 2, வியாழன்

காலையில் பேஸ்மென்ட்டில் ஏறக்குறைய மூன்றடி தண்ணீர். மதியத்துக்குள் மோட்டார் வைத்து இறைத்துவிட்டார்கள். மேல் தட்டுகளில் இருந்த 110 இதழ்கள் தப்பின. கீழ்த் தட்டுகளில் இருந்த 190 நனைந்தன.

பதினொரு மணி வாக்கில் மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “பழைய பல்ப் இதழ்கள் நனைந்துவிட்டன, என்ன செய்யலாம்?” என்று கேட்டார். பல்ப் என்றதும் என் மனதில் சாணித்தாள்தான் வந்தது. பரப்பி வையுங்கள், காற்றாடி போடுங்கள், நாளை மாலை வருகிறேன் என்று சொன்னேன். அட்டையைப் பற்றி நான் கேட்கவில்லை. இந்த ஆய்வை எழுத முக்கியக் காரணம் அந்த இரண்டு நிமிடப் பேச்சு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எங்கள் உறவினர் வீட்டில் இதே மாதிரி நடந்திருந்தது. வார இதழ்களிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதைகள் மொட்டை மாடியில் காய்ந்து ஒருவழியாகப் பிழைத்தன. ஆனால் அவற்றோடு இருந்த தீபாவளி மலர்களின் வண்ணப் பக்கங்கள் செங்கல் போலாகிவிட்டன. அதைக் கையில் எடுத்துப் பார்த்தவன் நான். அப்படியிருந்தும் அன்று அது நினைவுக்கு வரவில்லை.

குடும்பம் நான் சொன்னபடி செய்தது. பரப்ப இடம் போதாததால், அப்பாவுக்கு மிகவும் பிடித்த 34 இதழ்களை மட்டும் முதலில் தேர்ந்தெடுத்தார்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி, மெல்லிய துணியால் சேற்றைத் துடைத்து, கராஜில் இரண்டு அடுக்காக வைத்தார்கள். சுருண்டுவிடக் கூடாது என்று மேலே கனமான அகராதிகளை ஏற்றி, இரவு முழுக்கக் காற்றாடி ஓடவிட்டார்கள். மீதி 156 இதழ்கள் உறைக்குள் தண்ணீர் நிற்க, பிளாஸ்டிக் தொட்டிகளில் அப்படியே கிடந்தன. யாரும் தொடவில்லை. நேரம் இல்லை.

செப்டம்பர் 3, வெள்ளி: நாங்கள் பார்த்தது

மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நனைந்து ஏறக்குறைய 44 மணி நேரம் ஆகியிருந்தது. ஈரத் தாளில் 48 மணி நேரத்துக்கு மேல் பூஞ்சணம் எப்போது வேண்டுமானாலும் பூக்கும். சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டுதான் தொட்டோம்.

தொட்டியில் கிடந்தவற்றை முதலில் பார்த்தோம். உறையை வெட்டித் திறந்தால் உள்ளே இதழ் ஊறிக் கனத்திருந்தது, ஆனால் அட்டைகள் முழுசாக இருந்தன. அச்சு மை எண்ணெய் சேர்ந்தது, அது கரையவில்லை. ஏதோ ஒரு பழைய புத்தகக் கடை குத்திய ஊதா முத்திரை மட்டும் கரைந்து ஓடியிருந்தது.

பிறகு கராஜுக்குள் போனோம். 34 இதழ்களும் ஒன்பது பாளங்களாகியிருந்தன. ஓரங்கள் காய்ந்து இறுகிவிட்டன, நடுவில் மட்டும் இன்னும் குளிர்ச்சி. மிகுந்த அக்கறையோடு கவனிக்கப்பட்டவை மிக மோசமாகவும், கைவிடப்பட்டவை மிக நன்றாகவும் இருந்தன. என் சக ஊழியர் அகராதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மகனுக்குப் புரிந்துவிட்டது. “நாங்கள் கெடுத்துவிட்டோமா?” என்று கேட்டார். பரப்பி வைத்துக் காற்றாடி போடச் சொன்னது நான், மகன் இல்லை. அதை அங்கேயே, அவருடைய அம்மா முன்னாலேயே சொன்னேன்.

இன்னொன்றும் நடந்திருந்தது. அன்று காலை உறவினர் ஒருவர் மேல் பாளத்திலிருந்து இரண்டு இதழ்களை வெண்ணெய்க் கத்தியால் பிரித்திருக்கிறார். அவற்றில் ஒன்று ‘ஃபென்டாஸ்டிக் அட்வென்ச்சர்ஸ்’ 1939 மே இதழ். அதன் பின் அட்டையில்தான் ஃபிராங்க் பாலின் செவ்வாய் மனிதன் இருக்கிறான்.

ஒரு பின் அட்டை

இந்தப் படத்தைப் பற்றி நின்று சொல்லியாக வேண்டும். 1939 மேயில் ரே பாமர் ஆசிரியராக இருந்து தொடங்கிய அந்த இதழ், முதல் இதழிலேயே பின் அட்டை முழுவதையும் பாலிடம் கொடுத்தது. செவ்வாயில் ஒரு மனிதன் இருந்தால் அன்றைய அறிவியல்படி அவன் எப்படி இருப்பான் என்பதுதான் கேள்வி. காற்று மெல்லியது, எனவே மூச்சை நிறைய இழுக்கப் பீப்பாய் போன்ற மார்பு. மெல்லிய காற்றில் ஒலி பலவீனமாகத்தான் வரும், எனவே பெரிய காதுகள். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு காரணம் வைத்து வரைந்திருக்கிறார். தொடர்ந்து வந்த இதழ்களில் மற்றக் கோள்களின் உயிர்களும் இதே முறையில் வந்தன.

பல்ப் இதழ்களின் முன் அட்டையில் பிதுங்கிய கண்ணோடு பெண்ணைத் துரத்தும் பூதங்களை நிறையப் பார்க்கலாம். அவை கடைத்தட்டில் கண்ணைப் பறிக்க வரையப்பட்டவை. பாலின் செவ்வாய் மனிதன் யாரையும் துரத்தவில்லை. தன் ஊரில் தன் பாட்டுக்கு நிற்கிறான். வேற்றுயிரை எதிரியாகக் காட்டாமல் அதன் சூழலுக்குப் பிறந்த உடம்பாகக் காட்டிய படம் அது. அறிவியல் இன்று வேறு சொல்கிறது; ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட விதம் சரியானது. ஒன்பது வயதில் இதைக் கடையில் பார்த்துத்தான் அந்தக் கணவர் இதழ் சேர்க்கத் தொடங்கினாராம். பெண்மணி சொன்னார்: “அவர் எப்போதும் இதழைத் திருப்பித்தான் வைப்பார். பின் அட்டை மேலே இருக்க வேண்டும்.”

அன்று மாலை விளக்கடியில் அதைப் பார்த்தோம். செவ்வாய் மனிதனின் ஒரு காதும் மார்பின் ஒரு பகுதியும் இல்லை. அந்த இடத்தில் பூச்சு உரிந்து பழுப்பு நார் தெரிந்தது. அடுக்கில் அடுத்ததாக இருந்த இதழின் முன் அட்டையில் வெள்ளையாக ஒரு தழும்பு. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தபோது தழும்பின் விளிம்பு காதின் வடிவத்தில் இருந்தது தெரிந்தது. பூச்சு முகம் குப்புற ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்ணம் உள்பக்கம், நமக்குத் தெரிவது களிமண்ணின் முதுகு.

பாலின் மூல ஓவியங்களில் பல இன்று கிடைப்பதில்லை. பல படங்களுக்கு அச்சான இதழ்தான் இன்று ஓவியம். மூலம் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது, இது நகல்தானே என்று எளிதாக விட முடியாததற்குக் காரணம் இதுதான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு உடனே எடுத்தோம். காற்றாடியை நிறுத்தினோம். இனி எதையும் யாரும் பிரிப்பதில்லை. ஈரமாக இருப்பவை ஈரமாகவே ஃப்ரீசருக்குள் போக வேண்டும்.

உறைய வைத்தால் மூன்று நன்மை. பூஞ்சணம் நிற்கும், பசை இளகிய நிலையிலேயே அசையாமல் இருக்கும், யோசிக்க நேரம் கிடைக்கும். அப்புறம் வெற்றிட அறையில் வைத்து உலர்த்தினால் பனிக்கட்டி தண்ணீராக மாறாமல், கற்பூரம் கரைவது போல, நேராக ஆவியாகிவிடும். தண்ணீர் என்ற நிலையே இல்லாததால் பசைக்கு ஒட்ட வாய்ப்பில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்யும் நிறுவனங்கள் எல்லாவற்றிலும் புயலால் நெருக்கடி. போதாததற்கு வரும் திங்கள், செப்டம்பர் 6, தொழிலாளர் தினம், நீண்ட விடுமுறை. செவ்வாய்க்கிழமை வரை யாரும் வரப்போவதில்லை.

எனவே வீட்டு ஃப்ரீசரையும், அக்கம்பக்கத்தார் காலி செய்து கொடுத்த இரண்டு பெட்டி ஃப்ரீசர்களையும் வைத்துச் சமாளித்தோம். ஒன்பது பாளங்களோடு சேர்த்து இன்னும் 110 இதழ்களுக்குத்தான் இடம். 46 இதழ்கள் வெளியே நிற்க வேண்டும்.

இங்கே கருத்து வேறுபட்டது. மகன் விலைப்படி வரிசை போட விரும்பினார். அது நியாயமில்லாத யோசனை என்று நான் நினைக்கவில்லை. வெள்ளக் காப்பீடு பேஸ்மென்ட்டில் இருந்த சொந்தப் பொருட்களுக்குப் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை, செலவு முழுக்க அவர் தலையில். பெண்மணி பின் அட்டையில் ஓவியம் உள்ளவை முதலில் என்றார். என் சக ஊழியர் இரண்டையும் ஏற்கவில்லை. எது அதிகம் ஊறியிருக்கிறதோ அது ஃப்ரீசருக்கு, விளிம்பு மட்டும் நனைந்தது காற்றுக்கு என்றார். குறைந்த ஈரமுள்ளவற்றை அட்டைக்கு இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து வீட்டிலேயே காய வைக்க முடியும். முழுக்க ஊறியவற்றை முடியாது. விலையோ விருப்பமோ இதை மாற்றாது. கடைசியில் அவர் வழியிலேயே போனோம், இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன்.

இரவு இரண்டு மணி வரை வேலை நடந்தது. ஒவ்வொரு இதழையும் திறக்காமல் மூடியபடியே சுத்தமான தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்து, தனித்தனியாக மெழுகுத்தாளில் சுற்றி, முதுகு கீழே இருக்கும்படி அடுக்கினோம். பேத்தி பென்சிலால் எண் போட்டு, கைப்பேசியில் படம் எடுத்தாள். படம் முன் அட்டைக்கு மட்டும். அப்போது யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை.

ஒரு சிறு திருத்தம்

பாளங்களில் ஒன்றின் மேல் 1928 ஆகஸ்ட் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இருந்தது. பழைய உறையில் ‘பக் ராஜர்ஸ் அட்டை’ என்று எழுதியிருந்தது. கருவியொன்றை அணிந்த மனிதன் காற்றில் மிதக்கும் படம். பக் ராஜர்ஸ் என்று பின்னால் புகழ்பெற்ற பாத்திரம் முதலில் தோன்றிய கதை அந்த இதழில் இருக்கிறது, அதனால் அட்டையும் அவர்தான் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அது அதே இதழில் தொடங்கிய ‘ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்’ தொடரின் நாயகன் சீட்டன். பட்டியலில் சரியானதை எழுதினோம். மதிப்பீட்டாளரிடம் போகும் தாள் என்பதால் விலை இறங்குமோ என்று மகன் தயங்கினார். இரண்டு கதையும் அதே இதழில் இருப்பதால் ஒன்றும் குறையவில்லை.

தொடர்ந்து நடந்தவை

வெளியே நின்ற 46 இதழ்களும் சாப்பாட்டு அறையில் ஒன்பது நாளில் காய்ந்தன. முதல் இரண்டு நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உறிஞ்சுதாள் மாற்றினார்கள், பெரும்பாலும் அந்தப் பெண்மணியே. ஐந்தில் பூஞ்சணம் பிடித்தது. மற்றவை நெளிந்தன, ஆனால் படம் எதுவும் போகவில்லை.

உறைந்த 110இல் குடும்பத்தால் வெற்றிட உலர்த்தலுக்குச் செலவழிக்க முடிந்தது 70 இதழ்களுக்கும் ஒன்பது பாளங்களுக்கும்தான். மீதி 40ஐ வாரத்துக்கு மூன்று நான்கு என்று வெளியே எடுத்து, பாதி உறைந்திருக்கும்போதே அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில் மெழுகுத்தாளைச் செருகிக் காய வைத்தோம். குளிர்காலம் முழுக்க இந்த வேலை ஓடியது. அவசரமே இல்லாத வேலை, ஃப்ரீசர் வாங்கிக் கொடுத்த நேரம். நாற்பதில் இரண்டில் மட்டும் ஓரத்தில் சிறு சேதம்.

நிறுவனத்துக்குப் போனவை 2022 மார்ச்சில் திரும்பின. 70இல் 61 இதழ்களின் இரண்டு அட்டைகளும் முழுமை. மற்ற ஒன்பதில் ஏற்கெனவே ஒட்டத் தொடங்கியிருந்த இடங்களில் கீற்றுக் கீற்றாகப் பூச்சு போயிருந்தது.

பாளங்களில் நிலைமை வேறு. நடுவில் ஈரம் மிஞ்சியிருந்த இரண்டு தாமாகவே பிரிந்தன. கேட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது, உண்மையாகவே. மூன்றை என் சக ஊழியர் வார இறுதிகளில் நீராவி காட்டி, மெல்லிய எலும்புத் தகட்டால் ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் என்று பகுதி அளவுக்குப் பிரித்தார். 1928 ஆகஸ்ட் இதழ் அதில்தான் இருந்தது. மிதக்கும் மனிதன் தப்பினார், கீழ்ப் பகுதி போய்விட்டது. மீதி நான்கை விட்டுவிட்டோம். பிரித்தால் இரண்டு பக்கமும் போகும் என்றால் பாளமாகவே இருக்கட்டும் என்பது பெண்மணியின் முடிவு. அந்த நான்குக்குள் என்னென்ன பின் அட்டைகள் இருக்கின்றன என்பதற்குப் படம் எதுவும் எங்களிடம் இல்லை. முன் அட்டைப் பட்டியலை வைத்து இதழை அடையாளம் காண முடிகிறது. ஆனால் அந்தப் பிரதி எந்த நிலையில் இருந்தது, கணவர் ஓரத்தில் ஏதாவது எழுதி வைத்திருந்தாரா என்பதெல்லாம் போய்விட்டது. மற்ற இதழ்களில் பின் அட்டையின் அடியில் பென்சிலால் தேதியும், சில சமயம் “காற்று இல்லாமல் எப்படி?” மாதிரி ஒரு சிறுவனின் கேள்வியும் இருந்ததைப் பிறகுதான் கவனித்தோம்.

எதை மாற்றிச் செய்வேன்

தொலைபேசியில் யாராவது இதழ் நனைந்துவிட்டது என்றால், இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி ‘அட்டை வழவழப்பாக இருக்கிறதா?’ என்பதுதான். ஆமாம் என்றால் அடுத்த வார்த்தை ‘உலர்த்தாதீர்கள்’. அன்று இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த 34 இதழ்களும் உறைக்குள் ஈரமாகவே எனக்காகக் காத்திருந்திருக்கும். குடும்பத்திடம் வீட்டில் ஃப்ரீசர் இருக்கிறதா என்று வியாழக்கிழமையே கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை.

படம் எடுப்பது இரண்டு பக்கமும், முதல் வேலையாக. முன் அட்டைகள் ஓவியத் தொகுப்பு நூல்களில் பலமுறை மறுபதிப்பாகியிருக்கின்றன. பின் அட்டைகளுக்கு அந்த வாய்ப்பு குறைவு. அதிகம் அறியப்பட்டதைத்தான் பதிவு செய்ய வேண்டும் என்று கை தானாகப் போகிறது. கையை நிறுத்திப் பழக வேண்டும்.

நெருக்கடிக்கு முன்பே செய்யக்கூடியவை இருந்தன. பட்டியல் எதுவும் இல்லை. எல்லாம் கணவரின் நினைவில் இருந்தது. உறைகளின் வாய் ஒட்டுநாடாவால் மூடியிருந்ததால் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் நின்றது. இந்த முறை அது நன்மையாக முடிந்தது, ஆனால் ஒரு வாரம் யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் பூஞ்சணக் கூடாகியிருக்கும். பேஸ்மென்ட் தரையிலிருந்து நான்கடி உயரத்தில் தட்டு தொடங்கியிருந்தால் இந்தக் குறிப்பே இல்லை.

சக ஊழியரின் ஈர வரிசையை மாற்ற மாட்டேன். ஆனால் அன்றிரவு பெண்மணியிடம் ‘எந்த ஐந்து?’ என்று கேட்டு அவற்றை மட்டும் முதலில் சுற்றியிருக்கலாம். முறைக்கு அதனால் எந்தக் குறையும் வந்திருக்காது.

இப்போது

மகன் 1939 மே இதழின் வேறொரு நல்ல பிரதியைத் தேடி வாங்கித் தன் மகளுக்குக் கொடுத்தார். அவள் அதைத் தாத்தா மாதிரியே பின் அட்டை மேலே இருக்கும்படி வைக்கிறாளாம்.

தொகுப்பு முழுவதும் இரண்டாம் மாடிக்குப் போய்விட்டது. பழைய பிரதியில் காதைத் திரும்பப் பொருத்த முடியுமா என்று பெண்மணி கேட்டார். குப்புற ஒட்டிய பூச்சைத் தூக்கித் திருப்ப முயன்றால் காது தூளாகலாம், அது ஒட்டியிருக்கும் அட்டையும் கிழியலாம் என்று சக ஊழியர் சொன்னார். சரி, வேண்டாம் என்றார். இரண்டு இதழ்களையும் ஒரே பெட்டியில், அடுக்கில் இருந்த அதே நிலையில் முகத்தோடு முகம் வைத்திருக்கிறோம். நடுவில் ஒட்டாத சிலிக்கோன் தாள் ஒன்று. மேலே இருப்பதை நகராமல் இறக்கினால் காதின் தழும்பு காது இருந்த இடத்தின் மேல் சரியாக உட்கார்கிறது.